காட்பாடி மாடியில் கேமிலியா: மூன்று செடிகள், இரண்டு குளிர்காலங்கள்

சென்ற தை மாதம் எங்கள் தோட்டக் குழு நடத்திய பூக்காட்சியில் நான்கு கேமிலியா பூக்கள் இருந்தன. மூன்று ஏலகிரியில் பூத்தவை. நான்காவது காட்பாடியில், என் வீட்டு மொட்டைமாடியில் பூத்தது. மற்ற மூன்றையும்விடச் சிறியது அது. ஓரத்து இதழ் ஒன்றில் பழுப்புக் கீறலும் இருந்தது. ஆனாலும் அந்தக் கிண்ணத்தின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். கடல்மட்டத்துக்கு மேல் 200 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரம், சுற்றிலும் வெயிலை உள்வாங்கிக்கொண்டு இரவெல்லாம் அனல் கக்கும் பாறைக் குன்றுகள், கத்திரியில் 40 டிகிரிக்கு மேல் போகும் வெப்பம். இந்த ஊரில் அது பூத்தது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

குழுவின் குறிப்பேட்டை எழுதுவது என் பொறுப்பு. எப்போது எந்தத் தண்ணீர் ஊற்றினோம், எப்போது இலை மஞ்சளானது, எத்தனை மொட்டு விழுந்தது என்று இரண்டு ஆண்டுகளாக எழுதி வைத்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். "வேலூர் வெயிலுக்கு இது தாங்காது" என்று எல்லோரும் சொன்னார்கள். வெயில் தொல்லைதான், ஆனால் எங்கள் செடியை முதலில் சாய்த்தது வெயில் இல்லை. போர் தண்ணீர்.

செடிகள் வந்த கதை

குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு தை மாதத்தில் நீலகிரிக்குப் போனோம். குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-இல் உருவானது. கேமிலியாவை முதன்முதலில் நேரில் பார்த்தது அங்கேதான். ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு மே மாதம் போகிறவர்கள் இதைப் பார்க்க வாய்ப்புக் குறைவு, ஏனென்றால் இது குளிர்காலப் பூ. பளபளவென்று தடித்த கரும்பச்சை இலை. அதன் நடுவே ரோஜா என்று நினைக்கும்படியான பூ. பக்கத்தில் போனால் ரோஜா இல்லை என்று தெரிந்துவிடும். முள் இல்லை, வாசனையும் இல்லை. இதழ்கள் மெழுகில் வார்த்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக வட்டம் வட்டமாக அடுக்கியிருந்தன.

இதன் தாயாதி ஒருவர் நம் எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறார். தேயிலைச் செடியும் கேமிலியாதான், தாவரவியல் பெயர் கேமிலியா சினென்சிஸ். நாங்கள் பார்த்து மயங்கியது கேமிலியா ஜப்பானிகா. பிலிப்பைன்ஸில் பணிசெய்த கமெல் என்ற இயேசு சபைத் துறவியின் நினைவாக, 1753-இல் லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். தேயிலைக்குச் சொந்தம் என்ற இந்த ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே சரியாக யோசித்திருந்தால் எங்களுக்கு ஓர் ஆண்டு மிச்சமாகியிருக்கும். தேயிலை ஏன் நீலகிரியின் புளித்த செம்மண்ணில் செழிக்கிறது, ஏன் பாலாற்றுப் பக்கம் யாரும் தேயிலை போடவில்லை என்று கேட்டால் குளிர் என்பது பாதிப் பதில்தான். மண்ணின் அமிலத்தன்மை மீதிப் பதில்.

அங்கே ஒரு நர்சரியில் முழங்கால் உயரக் கன்றுகள் மூன்று வாங்கினோம். மூன்றும் ஒரே தாய்ச்செடியின் போத்துகள், இளஞ்சிவப்பு அடுக்குப் பூ என்று சொன்னார்கள். சத்துவாச்சாரி அக்கா ஒன்று, ஏலகிரியில் நிலம் வைத்திருக்கும் அண்ணன் ஒன்று, நான் ஒன்று எடுத்துக்கொண்டோம். ஒரே மரபு, ஒரே வயது, மூன்று இடம். திட்டமிட்டுச் செய்யாமலே நல்ல ஒப்பீடு ஒன்று கைக்கு வந்துவிட்டது.

சத்துவாச்சாரிச் செடி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அக்காவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அவர் ரோஜா வளர்ப்பதில் எங்கள் எல்லாருக்கும் ஆசான். ரோஜாவுக்குச் செய்வதுபோலவே வீட்டின் முன்னால் ஆழக் குழி எடுத்து, ஏரி வண்டலும் மக்கிய சாணமும் போட்டு, தண்டு நாலு விரல்கடை மண்ணுக்குள் போகும்படி நட்டார். ஆவணி வரை நன்றாகவே இருந்தது. ஐப்பசி மழையில் அந்தக் குழி கிணறு மாதிரி நீரைப் பிடித்துவைத்தது. ஒரு வாரத்தில் இலை தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அவர் மேலும் ஊற்றினார். கார்த்திகை பிறக்கும் முன் செடி போய்விட்டது.

பிடுங்கிப் பார்த்தோம். வேர் பழுப்பாக இருந்தது. விரலால் உருவினால் மேல்தோல் கழன்று நடுவில் நூல்போல ஒரு நரம்பு மட்டும் நின்றது. மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் வேரழுகல் என்று சந்தேகப்பட வேண்டும். கேமிலியாவுக்குப் பைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமி பெரிய எமன், தேங்கிய நீரில்தான் அது பரவும். இதன் வேர் மேலாகப் படரும் மெல்லிய வேர், அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். வேர்க்கட்டு மண்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படிதான் நட வேண்டும், புதைக்கவே கூடாது. "முப்பது வருசமா செடி வச்சிகினு இருக்கேன், ஒண்ணுகூட இப்படிப் போனதில்ல" என்றார் அக்கா. ரோஜாவுக்கு அவர் செய்தது சரிதான். இந்தச் செடி கேட்டது வேறு.

என் மாடியில் முதல் ஆண்டு

நான் தொட்டியில் வைத்தேன். நன்றாக அலசிய தேங்காய் நார்க் கழிவு இரண்டு பங்கு, சவுக்குச் சருகு மக்கு ஒரு பங்கு, சல்லடையில் சலித்த செம்மண் ஒரு பங்கு. நார்க் கழிவை அலசாமல் போட்டால் அதிலிருக்கும் உப்பே வேரைச் சுடும் என்பதால் மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்தேன். தண்ணீர் தேங்கவில்லை, வேர் அழுகவில்லை. அந்த அளவில் நிம்மதி.

பங்குனி முடிவில் புதுத் துளிர் வந்தது. வந்த துளிர் எலுமிச்சை மஞ்சளாக இருந்தது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். அடியிலிருந்த பழைய இலைகள் கரும்பச்சையாகவே இருந்தன. குழுவில் படம் காட்டினேன். "இன்னாக்கா, இவ்ளோ மஞ்சளா கீது, யூரியா கொஞ்சம் குடுங்க" என்றார் ஒரு தம்பி. தழைச்சத்துக் குறைவு முதலில் பழைய இலையில்தான் தெரியும், ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து அதை எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்க முடியும். இரும்பை அப்படி இடம் மாற்ற முடியாது. அதனால் இரும்புக் குறைவு துளிரில்தான் தெரியும். இது துளிரில் இருந்தது.

இரும்புதானே என்று துருப்பிடித்த ஆணிகளைத் தொட்டியில் புதைத்தேன். ஒரு மாதம் போயிற்று, எந்த மாற்றமும் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலைமேல் தெளித்தேன். பட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாகப் பச்சை வந்தது. இந்தப் புள்ளிகள் எனக்கு நம்பிக்கை தந்தன. நோய் இரும்புதான் என்று உறுதியானது. ஆனால் அடுத்த துளிர் மறுபடி மஞ்சளாகவே வந்தது. அன்னபேதியை மண்ணில் ஊற்றியும் பார்த்தேன், வீண்.

இதே நேரம் ஏலகிரி அண்ணனின் செடி பச்சைப் பசேலென்று நின்றது. அவர் எந்த மருந்தும் கொடுக்கவில்லை. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம், அதனால் குளிர்தான் காரணம் என்று எல்லோரும் முடித்துவிட்டோம். நானும் ஏற்றுக்கொண்டு செடியை அவரிடமே கொடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

முடிச்சை அவிழ்த்தவர் ராணிப்பேட்டையில் பாய்லர் பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன். செடியை அவர் பார்க்கவே இல்லை, தொட்டியின் விளிம்பைத்தான் பார்த்தார். அங்கே வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டினார். "ம்மா, இது செடி நோவு இல்ல, தண்ணி நோவு. பாய்லர் குழாய்ல இதே வெள்ளைதான் கட்டிக்கும். உங்க வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்த எடுங்க" என்றார். எடுத்தேன். அதே வெள்ளை. அதன்மேல் கொஞ்சம் வினிகர் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. தொட்டியின் மேல்மண்ணை எடுத்து உலர்த்தி அதில் விட்டால், அதுவும் நுரைத்தது. நான் போட்ட கலவையில் சுண்ணாம்பு ஒரு துளிகூட இல்லை. ஆறு மாதத்தில் அவ்வளவு சுண்ணாம்பையும் நானேதான் குடத்தில் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் போர் தண்ணீரில் பைகார்பனேட் என்ற கரைந்த உப்பு நிறைய. தண்ணீர் ஆவியாகிப் போக, அது சுண்ணாம்பாக மண்ணில் தங்கிவிடும், மண்ணின் அமிலத்தன்மையை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கேமிலியாவுக்கு மண்ணின் பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும் (ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்). பி.எச். பார்க்கும் பட்டைத்தாளில் என் தொட்டி எட்டை ஒட்டிக் காட்டியது. அந்த நிலையில் மண்ணில் எவ்வளவு இரும்பு இருந்தாலும் கரையாத துருவாகவே கிடக்கும், வேரால் உறிஞ்ச முடியாது. ஆணி புதைத்தது ஏன் பலிக்கவில்லை, அன்னபேதி இலையில் வேலை செய்து மண்ணில் ஏன் செய்யவில்லை, எல்லாம் அப்போதுதான் புரிந்தது. ஏலகிரி அண்ணன் வீட்டுக் கிணற்று நீரில் வெந்நீர் வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை படியாது. குளிரைவிட அது பெரிய வித்தியாசம்.

மென்னீர்க் கருவி வைத்திருக்கிறோமே, அந்தத் தண்ணீரை ஊற்றலாமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார் பாய்லர் அண்ணன். அந்தக் கருவி சுண்ணத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது, பைகார்பனேட் அப்படியே இருக்கும். பாத்திரத்தில் வெள்ளை படியாது, செடிக்கோ முன்னைவிடக் கெடுதல். ஆர்.ஓ. கருவியின் கழிவு நீரும் அப்படித்தான், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து வருகிறது. மாடிச்செடிகளுக்கு அதை ஊற்றும் பழக்கம் எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது, அமிலம் கேட்கும் செடிகளுக்காவது அதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த முதல் மார்கழியில் என் செடியில் ஒன்பது மொட்டுகள் இருந்தன. ஒன்றும் மலரவில்லை. மிளகளவில் ஐந்து, கோலிக்குண்டளவில் நான்கு உதிர்ந்தன. ஏலகிரியில் ஆறு பூத்தன.

மழைநீரும் இரண்டாம் ஆண்டும்

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். செடிக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் என்றால், மழையில்லாத நாலு மாதத்துக்கு 240 லிட்டர். பத்துச் சதுர மீட்டர் தளத்தில் 30 மில்லிமீட்டர் பெய்யும் ஒரே மழை அதைக் கொடுத்துவிடும். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவத்திலும் மழை உண்டு. படிக்கட்டு அறையின் மேல்தளத்திலிருந்து ஒரு குழாய் இறக்கி, 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்தேன். முதல் பத்து நிமிட மழையை வெளியே விட்டுவிட வேண்டும். கொசு போகாதபடி வாயில் துணி கட்ட வேண்டும். குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரையும் சேர்த்துக்கொண்டேன், அதில் சுண்ணாம்பு கிடையாது.

ஆனி மாதம் செடியைப் பிரித்து, பழைய மண்ணை உதறி, புதுக் கலவையில் மாற்றினேன். மழைநீர் சேரும்வரை போர் தண்ணீரில் சிட்ரிக் அமிலம் கலந்து, பட்டைத்தாள் ஆறு காட்டும்வரை இறக்கி ஊற்றினேன். இது தற்காலிக வழிதான். மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள் சிட்ரிக்கைத் தின்றுவிட்டால் காரத்தன்மை திரும்பி வந்துவிடும். கூடவே ஒருமுறை இரும்புச் சீலேட் கொடுத்தேன், இரும்பு துருவாகாமல் கரைந்தே இருக்கும்படி பிடித்துவைக்கும் மருந்து அது. அதிலும் வகை பார்க்க வேண்டும். இ.டி.டி.ஏ. வகை பி.எச். ஆறரைக்கு மேல் போனால் இரும்பைக் கைவிட்டுவிடும். இ.டி.டி.எச்.ஏ. வகை சுண்ணாம்பு மண்ணிலும் தாக்குப்பிடிக்கும், விலை அதிகம். கடைக்காரர் முதலில் கொடுத்தது மலிவானது, பொட்டலத்தைத் திருப்பிப் படித்து மாற்றி வாங்கினேன். ஆடி பதினெட்டுக்கு வந்த துளிர் பச்சை. அன்று மாலை பாய்லர் அண்ணன் வீட்டுக்கு ஒரு கிண்ணம் சித்ரான்னம் கொடுத்தனுப்பினேன்.

வெயிலுக்கும் செய்ய வேண்டியதைச் செய்தோம். கறுப்புத் தொட்டியை ஒரு பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் சருகு திணித்தேன். இலையைவிட வேர்தான் சீக்கிரம் வேகும். செடியைத் தண்ணீர்த் தொட்டித் தூண்களின் கிழக்குப் பக்கம் மாற்றி, காலை ஒன்பது மணி வெயில் மட்டும் படும்படி வைத்து, பங்குனியிலிருந்து ஆனி வரை மேலே பச்சை வலை கட்டினேன்.

மொட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கேமிலியா பூமொட்டு கோடையில், அந்த ஆண்டின் புதுக்கிளை முதிர்ந்ததும் உருவாகி, மாதக்கணக்கில் காத்திருந்து குளிரில்தான் விரியும். பூமொட்டு உருண்டையாகத் தடித்திருக்கும், இலைமொட்டு ஊசியாக ஒல்லியாக இருக்கும். இந்தக் காத்திருக்கும் மாதங்களில் ஒருநாள் காய்ந்து மறுநாள் நனைந்தால் மொட்டு உதிர்ந்துவிடும், உதிர்வது உடனே அல்ல, சில வாரம் கழித்து. நாம் காரணத்தை மறந்திருப்போம். முதல் ஆண்டு நவராத்திரிக்கு ஊருக்குப் போய் மூன்று நாள் தண்ணீர் விடாததைக் குறிப்பேட்டில் பார்த்தபிறகுதான் அந்த ஒன்பது மொட்டுகளின் கணக்கு எனக்கு விளங்கியது. இரண்டாம் ஆண்டு நான் எங்கும் போகவில்லை. பதினொரு மொட்டு வந்தது. ஒரு நுனிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு நான்கைக் கிள்ளிவிட்டேன். மீதி ஏழில் நான்கு உதிர்ந்தன, ஒன்று பாதி விரிந்து நின்றுவிட்டது, இரண்டு மலர்ந்தன. உதிர்ந்ததற்கு இரவு வெப்பத்தைத்தான் சொல்வேன். மார்கழி நடுவில் இரவு நன்றாகக் குளிர்ந்தபின்தான் அந்த இரண்டும் அசைந்தன.

காட்சி நாளில் எழுந்த வழக்கு

முதல் பூ காட்சிக்கு நாலு நாள் முன்பே மலர்ந்து, மூன்றாம் நாள் காலை தொட்டியின்கீழ் மல்லாந்து கிடந்தது. ஜப்பானிகா இதழ் இதழாக உதிராது, இலவம் பூ விழுவதுபோல முழுதாக விழும். இரண்டாவதை விடியற்காலையில் ஓர் இலையோடு வெட்டி, ஈரப்பஞ்சு விரித்த எவர்சில்வர் டப்பாவில் வைத்து, மடியில் ஏந்தி ஆட்டோவில் கொண்டுபோனேன். இதழில் விரல் பட்டால் அந்த இடம் பழுப்பாகிவிடும். அந்தக் கீறல் டப்பா மூடியை எடுக்கும்போது என் விரல் பட்டு வந்தது.

கேமிலியாவைக் கொத்தாகச் செருகி வைக்கும் வழக்கம் காட்சிகளில் இல்லை. ஆழமில்லாத கிண்ணத்தில் நீர்விட்டு ஒவ்வொரு பூவாக மிதக்கவிட்டாற்போல் வைத்து, வடிவம், நிறம், இதழின் தடிப்பு, புதுமை, அளவு என்று பார்க்கிறார்கள். ஒற்றை அடுக்கு, அரையடுக்கு, மகரந்தமே தெரியாத முழு அடுக்கு என்று வகை பிரிக்கிறார்கள். எங்களுடையது முழு அடுக்கு. வந்த பெண்கள் எல்லாரும் கேட்டது இரண்டே கேள்வி. வாசனை வருமா, தலையில் வைக்கலாமா? இரண்டுக்கும் இல்லை என்று சொன்னாலும் யாரும் உடனே நகரவில்லை. வயதான ஓர் அம்மா, "சாமிக்கு வைக்கலாம் இல்ல?" என்றார். வைக்கலாம் என்றேன்.

பரிசு கொடுக்கும் நேரத்தில் ஏலகிரி அண்ணன் தானே முன்வந்து ஒன்றைச் சொன்னார். அவருடைய மூன்று பூவில் இரண்டுக்கு ஜிப்ரெலிக் அமிலம் வைத்திருந்தார். திராட்சைக்காரர்கள் காய் பெருக்கத் தெளிக்கும் அதே மருந்து. நெற்பயிரை நெட்டையாக வளரவைத்துச் சாய்க்கும் பூஞ்சையில், 1926-இல் ஜப்பானிய ஆய்வாளர் குரோசாவா கண்டறிந்த பொருளின் வழிவந்தது. பூமொட்டை ஒட்டியிருக்கும் இலைமொட்டைக் கிள்ளி, அந்தச் சிறு குழியில் ஒரு சொட்டு விட்டால், பூ முன்னதாகவும் பெரிதாகவும் மலரும். அவர் ஆவணியில் விட்டிருந்தார். மருந்திட்ட இரண்டும் மற்றதைவிட ஒரு விரல்கடை அகலம் கூட.

குழுவில் வாக்குவாதம் வந்தது. சிலர் அது ஏமாற்று என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் மறைக்கவில்லை, எங்கள் விதியில் தடையும் இல்லை. அமெரிக்கக் கேமிலியாக் காட்சிகளில் மருந்திட்ட பூவுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. தவறு எங்கள் அனுமதிச் சீட்டில், அதில் அந்தக் கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை. அதைவிட எனக்குப் பட்ட பெரிய குறை, 1,100 மீட்டர் உயரத்துப் பூவையும் சமவெளிப் பூவையும் ஒரே மேசையில் அளந்தது. என் பூவுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கக்கூடும், அதனால் அன்று வாயைத் திறக்கவில்லை. மருந்திடாத ஏலகிரிப் பூவுக்கு முதல் பரிசு கொடுத்தோம். அது நியாயமான முடிவு, அந்தப் பூ குறையே இல்லாமல் இருந்தது. அடுத்த தைக்கு மலைப் பூ, சமவெளிப் பூ என்று இரண்டு மேசை, மருந்திட்டதா என்று சீட்டில் ஒரு கட்டம், இரண்டும் மாசிக் கூட்டத்தில் எழுதிச் சேர்த்தாயிற்று.

சத்துவாச்சாரி அக்கா மறுபடி கன்று கேட்கிறார். இந்த முறை சசாங்க்வா என்ற இனத்தைத் தேடச் சொல்லியிருக்கிறேன். பூ சிறிது, இதழ் இதழாக உதிரும், ஆனால் வெயிலை நன்றாகத் தாங்கும், வேரழுகலையும் எதிர்க்கும், ஜப்பானிகாவுக்கு முன்னதாகவே பூக்கும். தொட்டியில்தான் வைப்பேன் என்று அவரே சொல்லிவிட்டார்.

இதை எழுதும்போது சித்திரை நடக்கிறது. செடியில் பதினாறு துளிர், எல்லாம் பச்சை. சின்டெக்ஸ் தொட்டியில் குச்சி விட்டு அளந்தேன், 140 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கத்திரி இன்னும் பிறக்கவில்லை. கோடைமழை ஒன்று வந்தால் ஆனி வரை தள்ளிவிடலாம், வராவிட்டால் பக்கத்து வீட்டுக் குளிர்சாதனக் கருவியின் குழாயையும் இந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள அவர்களிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.